கணக்கில் விடுபட்ட மாதங்கள்

நம் ஆண்டவர் கூறிய திராட்சைத் தோட்ட உவமையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுத்தார். இறைவனின் தயவு நாழிகைகளை எண்ணுவதில்லை. அரசாங்கக் கருவூலமோ மாதங்களை எண்ணும். எண்ணியது தாளில் இருந்தால்தான் கொடுக்கும். பொம்மிடியில் இரயிலேறிப் படைக்குச் சென்று, முடி நரைத்துத் திரும்பும் நம்மவர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

அதிகாரி அல்லாத படைவீரர் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும்; அதிகாரிக்கு 20 ஆண்டு. தகுதிப் பணி என்பது படையில் இருந்த காலம் முழுவதும் அன்று. விடுப்பின்றி வராமலிருந்த நாட்களும் சிறையிருந்த நாட்களும் கழிக்கப்படும். கழிக்க வேண்டியதைக் கழிப்பது முறையே. ஆனால் எழுத்தர் கைத்தவறால் கழிந்த நாட்களும் உண்டாயின், அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

சில மாதங்களில் என்ன வந்துவிடும் என்று சிலர் எண்ணுவர். ஓர் ஆண்டில் மிஞ்சும் பகுதி மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆனால் அது அரையாண்டாகக் கொள்ளப்படும். 17 ஆண்டு 4 மாதம் பணியாற்றியவருக்குக் கணக்கு பதினேழரை ஆண்டு. இரண்டு மாதம் விடுபட்டால் அது 17 ஆண்டாகக் குறைந்துவிடும். பணிக்கொடை அரையாண்டுக் கணக்கிலேயே வழங்கப்படுகிறது. 2014 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டத்தின் அட்டவணைகளும் பதவியையும் பணியாண்டுகளையும் பார்த்தே தொகையைக் குறிக்கின்றன. ஆகவே அன்று விழுந்த பிழை ஆயுள் முழுவதும் மாதந்தோறும் தொடரும்.

பதினைந்து ஆண்டுக்குச் சிறிது குறைந்தோரும் உடனே மனந்தளர வேண்டாம். ஓராண்டு வரையுள்ள குறையைப் பொறுத்தருளும் அதிகாரம் 2001ஆம் ஆண்டு ஆணையால் வந்தது. முற்காலத்தில் நேரடிப் பணிக்குப்பின் சேமப்படையில் வைக்கப்பட்டோருக்கு, இரண்டும் சேர்ந்து 15 ஆண்டானால் அதற்கெனத் தனி ஓய்வூதியம் உண்டு.

எனவே வீடு திரும்பியவுடன், விடுவிப்புப் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சேர்ந்த நாள், விடுபட்ட நாள், தகுதியற்றதெனக் கழித்த நாள், பதவி ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் முதலில் தம் படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் எழுதி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். மதராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனிலும், மதராஸ் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரிலும் உள்ளது. ஓய்வூதியத்தை அனுமதிப்பது பிரயாக்ராஜ் கணக்கு அலுவலகம். 2021 முதல் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறை வந்துள்ளது. தருமபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனு எழுதவும் வழிகாட்டும். அங்கும் தீராவிடில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உண்டு.

நம் குடும்பங்களுக்கென்றே மற்றொரு சொல். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, படையில் எழுதிய பெயர் வேறொன்று என்பது நம்மிடையே வழக்கம். மனைவியின் பெயரும் அவ்வாறே. கணவர் கண்மூடிய பின்னர் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் விதவைக்கு இவ்வேறுபாடே பெருந்தடை. அவர் உயிரோடிருக்கையிலேயே, பங்குப் பதிவேட்டிலிருந்து திருமணச் சான்று பெற்று, மனைவி மக்கள் பெயர்களைப் படைப் பதிவேட்டில் சரிபார்த்துக் கொள்வது நன்று.

பங்கிலுள்ள படித்த இளைஞர், எழுத்தறியா முதியவரின் தாள்களை ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் வாசித்துக் காட்டலாம். கேட்பது பேராசையாகுமோ என்று சில தாய்மார் தயங்குகின்றனர். உழைத்தவனின் கூலியை நிறுத்தி வைப்பதைத் திருமறை பாவமெனக் கண்டிக்கிறது. அக்கூலியைக் கேட்பதை எங்கும் பாவம் என்று சொல்லவில்லை.