சராசரிச் சம்பளத்தை நம்பலாமா?



அண்மையில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் ஒரு விளம்பரத்தாளுடன் என்னைக் காண வந்தார். தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சி முடித்தோரின் சராசரிச் சம்பளம் 5,000 ரிங்கிட் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. “சங்கிலியை அடகு வைத்தாவது மகனைச் சேர்த்துவிடுகிறேன், டீச்சர். நல்ல படிப்புதானே?” என்று கேட்டார்.

நல்ல படிப்புதான், அதில் ஐயமில்லை. உலகப் பொருளாதார மன்றம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், தேவை பெருகிவரும் பணிகளின் பட்டியலில் தரவுப் பகுப்பாய்வாளர்களே முதலிடம் பெற்றனர். வங்கி, காப்புறுதி, மருத்துவமனை, பேரங்காடி என எங்கும் எண்களைப் படித்துப் பொருள் கூறத் தெரிந்தவர்கள் தேவைப்படுகின்றனர்.

ஆனால், அந்த 5,000 ரிங்கிட்டை அப்படியே நம்பிவிடலாமா?

ஐவரின் சம்பளம் முறையே 2,000, 2,200, 2,400, 2,600, 15,800 ரிங்கிட் என்று கொள்வோம். கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 5,000 வரும். கணக்கில் பிழையில்லை. எனினும், ஐவரில் நால்வர் அத்தொகையை நெருங்கவே இல்லை! வரிசையின் நடுவில் நிற்கும் நடுவெண் 2,400தான் உண்மை நிலையைக் காட்டுகிறது. நம் நாட்டிலும் இதே நிலைதான். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2022இல் மாதச் சம்பளத்தின் சராசரி 3,212 ரிங்கிட். நடுவெண்ணோ 2,424 ரிங்கிட்.

எனவே, மூன்று கேள்விகளைக் கேட்குமாறு அத்தாயாரிடம் கூறினேன். நடுவெண் எவ்வளவு? எத்தனை பேரிடம் கேட்டுப் பெற்ற கணக்கு இது? பயிற்சி முடித்தும் வேலை கிடைக்காதவர்கள் இதில் சேர்க்கப்பட்டுள்ளனரா? அவர் கேட்டார், தெளிவான பதில் கிடைக்கவில்லை. சங்கிலி இன்னும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது.

இதில் என்னை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அந்த மாணவனுக்குச் சராசரி காணக் கற்பித்தவள் நான்தான். சராசரி எதை மறைக்கும் என்பதை நான் கற்பிக்கவில்லை. தரவைக் கையாளுதல் பாடநூலின் இறுதிப் பகுதியில் வருவது. எளிதாகப் புள்ளிகள் பெறக்கூடியது. ஆகவே, ஆண்டிறுதி அவசரத்தில் இரண்டு பயிற்சிகளோடு முடித்துவிட்டேன். நம்மில் பலரும் அப்படித்தான் செய்கிறோம்.

கணிப்பொறி நொடியில் சராசரி கண்டுவிடும். அந்த எண்ணை ஐயுற்றுக் கேள்வி கேட்பவருக்கே நாளை நல்ல ஊதியம் கிடைக்கும் என்பது என் கருத்து. அப்பழக்கம் தொடக்கப்பள்ளியிலேயே வேரூன்ற வேண்டும். ஆசிரியர்களே, பட்டைக் குறிவரைவை வரையச் செய்வதோடு நின்றுவிடாமல், ‘இது எதைச் சொல்லவில்லை?’ என்றும் கேளுங்கள். பெற்றோர்களே, ஓராண்டு மின்கட்டண இரசீதுகளைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். எந்த மாதம் கூடியது, ஏன் கூடியது என்று அவனே கண்டறியட்டும். அதற்குச் சங்கிலியை அடகு வைக்கத் தேவையில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.