ஓரினமாக்கிக் கூட்டுதல்

கணக்கைக் கண்டு அஞ்சும் மாணவர் பலர். அவர்களுள் பலருக்கு அவ்வச்சம் பின்னங்களில் தொடங்குகிறது. முழு எண்களைத் தடுமாற்றமின்றிக் கூட்டுவோரும், பகுதிகள் வேறுபட்ட பின்னங்களைக் கண்டால் தயங்குகின்றனர்; எதை எதனால் பெருக்குவது என்று நினைவைத் துழாவுகின்றனர். இதற்குக் காரணம் யாது? விதியை மனப்பாடம் செய்து, அதன் பொருளை உணராமையே காரணம். பின்னக் கணக்கில் பொருள் முன்னே வர வேண்டும். விதி அதன் பின்னே வர வேண்டும்.

ஒரு முழுப்பொருள் எத்தனை சம கூறுகளாக்கப்பட்டது என்பதைப் பின்னத்தின் கீழெண்ணாகிய பகுதி கூறுகிறது. அக்கூறுகளுள் எத்தனை எடுக்கப்பட்டன என்பதை மேலெண்ணாகிய தொகுதி கூறுகிறது. ஆகவே, பகுதி கூறின் இனத்தைக் காட்டுவது. தொகுதி எண்ணிக்கையைக் காட்டுவது. மூன்று படி அரிசியையும் இரண்டு ஆழாக்கு அரிசியையும் சேர்த்து ஐந்து படி என்று எவரும் கூறார். ஒரு படி எட்டு ஆழாக்கு ஆதலின், மொத்தம் 26 ஆழாக்கு என்பர். இனம் ஒன்றான பின்னரே எண்ணிக்கைகள் கூடும்.

இவ்வுண்மையை மறந்து, 1/2 உடன் 1/3 ஐக் கூட்டி 2/5 என எழுதும் மாணவர் உளர். 2/5 அரையினும் சிறியது. அரையோடு மேலும் ஓர் அளவைச் சேர்த்த பின் அது அரையினும் குறையுமா? அவ்வாறே 5/6 இலிருந்து 3/4 ஐக் கழித்து 2/2 என எழுதினால், விடை ஒன்றாகிறது. ஒன்றினும் குறைந்த அளவிலிருந்து ஒரு பங்கை நீக்கிய பின் முழுமையான ஒன்று எஞ்சுமா? இரண்டையும் பன்னிரண்டில் கூறுகளாக்கினால் உண்மை விளங்கும். 10/12 இலிருந்து 9/12 ஐ நீக்க, 1/12 எஞ்சும்.

பழந்தமிழ்க் கணக்கு இவ்வுண்மையைப் பெயர்களிலேயே அமைத்து வைத்திருந்தது. ஒன்றில் 320இல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர். கால் என்பது 80 முந்திரி, அரைக்கால் 40, 1/16 ஆகிய மாகாணி 20, 1/20 ஆகிய மா 16, 1/80 ஆகிய காணி 4. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்ற சிறுவர் இவற்றை ஓதிக் கற்றனர். மாகாணியையும் மாவையும் கூட்டினால் 36 முந்திரி வரும். அஃது இருமாவும் காணியும் சேர்ந்த அளவு. இன்றைய முறையில் 9/80. முந்திரியே அங்குப் பொதுப் பகுதியாக நின்றது.

நாணயத்திலும் இம்முறையைக் காணலாம். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை வருவதற்கு முன்னர், ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. எனவே ஒரு ரூபாய்க்கு 192 பை. ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு 64 பை. கால் பங்கு 48 பை. இரண்டும் சேர்ந்தால் 112 பை. அதாவது 9 அணா 4 பை. கடைத்தெருவில் இவ்வாறு கூட்டியவர், வேற்றினப் பின்னங்களை ஓரினமாக்கியே கூட்டினர்.

“விதியைக் கற்றால் விடை வருகிறது, மதிப்பெண்ணும் வருகிறது, பொருளை ஆராயக் காலம் ஏது?” என்பர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பயிற்சியின்றி விரைவு வாராது. ஆயினும், பொருளறியா விதி மற்றொரு விதியோடு எளிதில் கலந்துவிடும். பின்னங்களைப் பெருக்கும்போது மேலெண்ணை மேலெண்ணாலும் கீழெண்ணைக் கீழெண்ணாலும் பெருக்குகிறோம். அப்பழக்கத்தைக் கூட்டலுக்கும் கொண்டு செல்வதால் முன்னர்க் கூறிய பிழை நேர்கிறது. பொருளை உணர்ந்தவரோ, விதி மறந்தாலும் அதைத் தாமே மீண்டும் கண்டுகொள்வர்.

பொருளை அறிந்தால் சிக்கனமும் தோன்றும். 5/12 உடன் 7/18 ஐக் கூட்டப் பகுதிகளைப் பெருக்கி 216 என்று கொள்ளலாம். அப்போது விடை 174/216 ஆகும். மீச்சிறு பொது மடங்காகிய 36 ஐக் கொண்டாலோ, 15/36 உம் 14/36 உம் சேர்ந்து 29/36 என உடனே வரும். இரு விடைகளும் ஒன்றே, உழைப்புத்தான் வேறு. கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே மகாவீரர் என்னும் கணித அறிஞர், தம் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் நூலில் இம்மீச்சிறு பொது மடங்கு முறையைக் கூறியுள்ளார்.

இது பள்ளிக்குள் அடங்கும் செய்தியன்று. ஒரு கிணற்று நீரில் ஒருவருக்குக் கால் பங்கும், அவர் துணைவியாருக்கு ஆறில் ஒரு பங்கும் உரியன என்று கொள்வோம். அக்குடும்பத்தின் உரிமை 5/12 ஆகும். அதை 2/10 என்று ஒருவர் எழுதிவிட்டால், உரிய நீரில் பாதிக்கு மேல் பறிபோகும். பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்க்கும் ஆற்றல் இல்லாதவர் தம் உரிமையைக் காத்துக்கொள்வது அரிது. ஆதலின், விடையைக் கண்டதும் மாணவர் ஒரு கணம் நின்று, இவ்விடை பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வழக்கம் வேரூன்றினால் பின்னத்தின்பால் கொண்ட அச்சம் தானே அகலும்.