மயக்கத்தில் புரைக்கேறாது

சாப்பிடேக்க புரைக்கேறினால் "ஆரோ நினைக்கினம்" எண்டு அம்மம்மா உச்சந்தலையில் தட்டுவா. உண்மையில் அந்த இருமல்தான் எங்களுக்குக் காவல். பளையில் மாடு வளர்க்கிற ஆக்களுக்கு இது நல்லாத் தெரியும். மருந்து பருக்கேக்க மாட்டின்ர தலையை மிச்சம் அண்ணாத்திப் பிடிக்கமாட்டினம். இருமினால் உடனே விட்டிடுவினம். இல்லாட்டி மருந்து நுரையீரலுக்குப் போய் நியூமோனியா வரும்.

வீட்டு நாய்க்குப் பல் சுத்தம் செய்யக் கொண்டுபோகேக்க மட்டும் இதை மறந்திட்டு, "எவ்வளவு முடியும்?" எண்டு மட்டும் கேக்கிறம்.

பல்லுக் காரையை எடுக்கிற அல்ட்ராசோனிக் கருவி சூடாகாமல் இருக்க, அதிலிருந்து தண்ணி பாய்ந்துகொண்டே இருக்கும். காரைத்துண்டு, இரத்தம், கிருமி எல்லாம் அதோட தொண்டைக்கு இறங்கும். முழு மயக்கத்தில் கிடக்கிற நாய் இருமாது. அந்தக் காவலை மிருக வைத்தியர்தான் செய்யவேணும். மூச்சுக்குழாய்க்குள் ரியூப் வைத்து, அதிலுள்ள சின்ன பலூனை ஊதி இடைவெளியை அடைப்பார். தொண்டையில் கோஸ் துணி வைப்பார். தண்ணி வெளியில் வடிய மூக்குப் பக்கத்தைத் தாழ்த்துவார். பலூனையும் அளவாய்த்தான் ஊதவேணும். கூடினால், முக்கியமாய் பூனையின்ர, மூச்சுக்குழாய் கிழியலாம்.

துணியை எடுக்க மறந்தால், காப்பாத்த வைத்ததே மூச்சை அடைக்கும். மனிசரிலயே இது நடந்திருக்கு. அதைத் தடுக்க 2009இல் இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை தனி அறிவுறுத்தல் வெளியிட்டது.

"அப்ப மயக்கமில்லாமலே செய்யலாமே, காசும் மிச்சம்" எண்டு ஒரு நண்பன் கேட்டான். முழிச்சிருக்கிற நாய் திமிறும், ரியூப் வைக்க ஏலாது, முரசுக்குக் கீழ இருக்கிற அழுக்கும் அப்படியே கிடக்கும். நோய் இருக்கிறதே அங்கதான். உலக சிறுபிராணி மிருக வைத்தியர் சங்கத்தின் 2020 பல் வழிகாட்டலும் இந்த முறையை ஏற்கவில்லை. ரியூப் இல்லாத அரைமயக்கம் இன்னும் மோசம்: இருமலும் மழுங்கும், காவலும் இல்லை.

பளையிலிருந்து யாழ்ப்பாணம் கொண்டுபோற வாகனக் கூலியோட மயக்கச் செலவும் சேர்ந்தால் கையைக் கடிக்கும், தெரியும். ஆனால் குறைக்கிற இடம் இதில்லை. அடுத்தமுறை விலைக்கு முதல் மூண்டு கேள்வி கேளுங்கோ: ரியூப் வைப்பீங்களா? தொண்டைக்கு என்ன பாதுகாப்பு? வைத்த துணியை எண்ணி எடுப்பீங்களா? நல்ல வைத்தியர் இதுக்குக் கோவிக்கமாட்டார். நாய் தானே கேக்க ஏலாது. அதுக்காக நாங்கள்தான் கேக்கவேணும்.