முன்னே சென்றவர் மீது பழி வேண்டாம்

விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட எட்டு மோட்டார் சைக்கிள்களில் ஏழுதான் வந்து சேர்ந்தன. பால்வெட்டுத் தோழர் ஒருவரைச் சாலை வளைவில் பறிகொடுத்தோம். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. ஆயினும் லயத்திலும் கடையிலும் ஒரே பேச்சு: முன்னே சென்ற இளைஞர் விரைந்தார், அவரைப் பிடிக்கப் போய்ப் பின்னே வந்தவர் மாண்டார் என்பதே அது. அந்த இளைஞர் அன்று முதல் வேலைக்கு வரவில்லை. வண்டியைத் தொடவும் மறுக்கிறார்.

இப்பேச்சை நிறுத்துமாறு தோழர்களை வேண்டுகிறோம். அவர் விரைந்தது மெய்தான். ஏன் விரைந்தார்? பெயர் வாசித்து முடிந்த பின் வருவோரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் தோட்டத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்காக ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சுபவனுக்கு வளைவு கண்ணில் படுமா? அந்தப் பெயர்ப் புத்தகம் கிராணி வேலை பார்க்கும் எம் கையில் இருப்பது. பழியைப் பங்கிடத்தான் வேண்டுமென்றால் எம் பங்கை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டமாகப் போவது தவறன்று. காட்டுப்பன்றி குறுக்கே ஓடும் இருட்டுச் சாலையில் துணை வேண்டும். ஆனால் மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் விடாதீர்கள். முன் செல்பவருக்கு அடுத்தபடி அவரை வையுங்கள். அவர் வேகமே எல்லோர் வேகமும் ஆகட்டும். பழகிய கை ஒன்று கடைசியில் வரட்டும். முன் வண்டி ஒரு மரத்தைத் தாண்டினால் அதே மரத்தை நீங்கள் எட்ட இரண்டு விநாடியாவது ஆக வேண்டும். மழையில் அதற்கும் மேலே. வளைவிலும் செம்மண் பாதையிலும் ஒற்றை வரிசையே நன்று. பின்தங்கியவர் விரட்டிப் பிடிக்க வேண்டாம், முன் சென்றவர்கள் முச்சந்தியில் நிற்பார்கள் என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும். அன்று அந்த உறுதி இல்லை. (தலைக்கவசம் 1973 முதல் சட்டம். வாரைக் கட்டாமல் அணிவது வெறும் தொப்பி அணிவதே.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டம், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் வேலை விபத்தாகவே கொள்கிறது. வேறெங்கும் திரும்பாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தார் என்று சொல்ல உடன் வந்தவர்கள் வேண்டும். முதலில் திரும்பி ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த இளைஞரே. அவர் வாயை நாம் அடைத்துவிட்டால் விதவைக்கும் இரு குழந்தைகளுக்கும் யார் சாட்சி? விபத்துப் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பிக்கொண்டிருப்போரும் அக்குழந்தைகளை நினைத்து அதை அழித்துவிடட்டும்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கிளையில் கூட்டம். பிந்தி வருவோருக்குக் கால் மணி நேரம் தவணை கேட்டு நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனுவில் கையெழுத்து வாங்கப்படும். அந்த இளைஞரைக் காரில் அழைத்துவர இரு தோழர்கள் ஒப்பியுள்ளனர். இறந்தவரின் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.