பற்றிய பின் அணையும் எஞ்சின்

உதகமண்டலத்தின் சனவரி மாத உறைபனிக் காலையில் பெட்ரோல் கார் ஒன்று முதல் திருகலிலேயே உயிர்பெற்றுச் சில நொடிகளில் நின்றுவிடும்போது, பழி பெரும்பாலும் பேட்டரியின் மேல் விழுகிறது. எஞ்சினைச் சுழற்றித் துவக்கியதோடு அதன் கடினமான வேலை முடிந்துவிடுவதால், அப்பழி அநேகமாகப் பொருந்துவதில்லை. எரிவது பெட்ரோலின் ஆவியே அன்றித் திரவம் அன்று. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும் என்றாலும், குளிர்ந்த உலோகச் சுவர்களில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் படிந்துவிடுவதால், எஞ்சின் சூடேறும் வரை அதற்குக் கூடுதல் எரிபொருள் ஊட்டப்பட வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில், காற்றின் வழியைக் குறுக்கும் தகடான ‘சோக்’கை ஓட்டுநரே கையால் இழுத்துச் செய்த இந்தக் கூடுதல் ஊட்டத்தின் கணிப்பை, இன்று எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை அளக்கும் சிறிய சென்சாரை நம்பி மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறது. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக அச்சென்சார் தவறாக அறிவித்தால், தேவையான ஊட்டம் கிடைக்காமல் கலவை மெலிந்து, பற்றிய எஞ்சின் அணைந்துவிடுகிறது. குளிர்ச்சி கூடக்கூட மின்தடை உயரும் இயல்புடைய அச்சென்சாரை மல்டிமீட்டர் கொண்டு சோதிக்கச் சில நிமிடங்களே போதும் என்றிருக்க, அதைச் செய்யாமல் புதிய பேட்டரியை வாங்கவைப்பது உரிமையாளருக்கு இழைக்கப்படும் அநீதியே ஆகும். காற்று நுழையும் வாயிலான த்ராட்டிலில் கரி படிந்து, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் தேவைப்படும் சிறிதளவு காற்றும் தடைப்படுவது மற்றொரு காரணம். அதற்குப் பெரும்பாலும் முறையான துப்புரவே போதுமானது.