திக்கிப் பேசும் பிள்ளை பேசி முடிக்கட்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் கல்வராயன் மலையிலும் திக்கிப் பேசுகிறவர்கள் அன்றாடம் சுமக்கும் அச்சத்துக்கும் அவமானத்துக்கும் அவர்கள் பொறுப்பல்ல, கேட்கிற நாம்தான் பொறுப்பு என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

பயந்த சுபாவத்தால் திக்கு வருவதில்லை. பேச்சை இயக்கும் மூளைச் செயல்பாட்டில் உள்ள வேறுபாடு அது. பரம்பரைக்கும் அதில் பெரிய பங்குண்டு. 2010இல் பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்தபோது, இதனோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்கள் தெரியவந்தன. திக்கு பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கி, பல பிள்ளைகளுக்குத் தானாகவே நின்றுவிடும். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. பயம் பிறகு வருவது. கேலிதான் அதைக் கொண்டுவருகிறது.

அந்தக் கேலி தொடங்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறை. வருகைப் பதிவில் தன் முறை நெருங்க நெருங்க, ‘உள்ளேன் ஐயா’ என்ற இரண்டு சொல்லுக்காக நெஞ்சு அடித்துக்கொள்ளும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வராத சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கப் பழகியவர்கள்கூடத் தங்கள் பெயரை மாற்றிச் சொல்ல முடியாது. அதனால்தான் ‘உன் பேர் என்ன?’ என்பதே மிகக் கடினமான கேள்வியாகிறது. பேருந்தில் இறங்க வேண்டிய ஊரின் பெயர் வாயில் வராமல், வருகிற ஊருக்குச் சீட்டு வாங்கி, மிச்சத் தூரம் நடப்பவர்களும் உண்டு. பதில் தெரிந்தும் கை தூக்காத மாணவனை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். இது அநியாயம்.

மலையில் இந்தச் சுமை இன்னும் கனம். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு மாலையில் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள வீடு கிடையாது. பகலில் சிரித்தவர்களோடுதான் இரவு சோறும் தூக்கமும்.

ஆகவே ஆசிரியர்களிடம் கேட்கிறோம்: பிள்ளையின் சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், ‘மெதுவாப் பேசு’ என்று விரட்டாதீர்கள். பாவம் என்று வாசிக்கவிடாமல் தாண்டிப் போவதும் தண்டனைதான். எப்படி வாசிக்க விருப்பம் என்று தனியாகக் கேளுங்கள். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போது பெரும்பாலோருக்குத் திக்கு வருவதில்லை. வாய்மொழித் தேர்வில் நேரக் கட்டுப்பாடு கூடாது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு நிகரான கண்டிப்போடு பள்ளி தடுக்க வேண்டும்.

நாக்கில் வசம்பு தேய்க்கும், கூழாங்கல்லை வாயில் அடக்கச் சொல்லும் பெற்றோரின் பாசத்தை மதிக்கிறோம். அவற்றால் திக்கு நிற்காது. கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

அரசிடமும் கேட்கிறோம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்.பி.எஸ்.கே.) மருத்துவக் குழு, திக்கைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒருநாளாவது கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறி வர வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக் குறைபாட்டை விளக்கும்போது குரல்வளை நீக்கத்தையும் மூளைப் பாதிப்பால் மொழி இழப்பதையும் பெயர் சொல்கிறது, திக்கைச் சொல்லவில்லை. கடுமையாகத் திக்குகிறவர்களுக்கு அதன் பாதுகாப்பு கிடைக்கும்படி விளக்கம் விரிய வேண்டும்.

அக்டோபர் 22, உலகத் திக்குதல் விழிப்புணர்வு நாள். அன்று உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் வெள்ளிமலையில் பயிற்சி நடத்த நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். மாவட்ட நிர்வாகம் அனுமதி தர வேண்டும். அங்கே முதலில் பேசப்போகிறவர்கள் திக்கிப் பேசுகிறவர்கள். அவர்களுக்கு நேர வரம்பு இல்லை.