ஆறாம் வேலை நாளும் ஆதார் எண்ணும்

காகிதம் ஒழிந்தால் தாமதமும் தன்னிச்சையும் கூடவே ஒழியும் என்னும் நம்பிக்கை, 2023 மே 25 அன்று கேரளம் முழுமையான மின்னாளுகை மாநிலமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின், ஆராயத் தேவையில்லாத உண்மையாகிவிட்டது. திருவனந்தபுரம் ஜகதியிலுள்ள பொதுக்கல்வி இயக்ககத்தின் நடைமுறை அதற்குச் சான்றாக நிற்பதில்லை. சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் ‘ஸ்பார்க்’ மென்பொருளும், மாணவர் விவரங்களையும் மாற்றுச் சான்றிதழையும் கையாளும் ‘சம்பூர்ணா’வும் வேலையை விரைவுபடுத்தியதை மறுப்பது வீண்வாதம், ஆயினும் விதி தெளிவாக இருந்து, அதிகாரி முடிவெடுக்க எதுவும் மிஞ்சாத இடங்களில்தான் அவை வென்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளிலோ பள்ளி மேனேஜர் நியமிக்கிறார், அரசு சம்பளம் தருகிறது, கல்வி அலுவலரின் அங்கீகாரம் நடுவில் நிற்கிறது. அதற்கான ‘சமன்வயா’ தளத்தில் விண்ணப்பம் உடனே ஏறிவிட்டாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீட்டுச் சிக்கலில் மாட்டிய நியமனங்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கியே கிடந்தன.

இன்னும் கடுமையான சான்று, ஆசிரியர் பணியிட நிர்ணயம். கேரளக் கல்வி விதிகளின்படி, பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளன்று உள்ள மாணவர் எண்ணிக்கையே பணியிடங்களைத் தீர்மானிக்கும். ஒரே குழந்தையை இரு பள்ளிகள் கணக்குக் காட்டிய பழைய மோசடியை ஒழிக்க ஆதார் எண் கொண்டுவரப்பட்டது, நோக்கம் நியாயமானதே. ஆனால் செல்லத்தக்க ஆதார் எண் பதிவான குழந்தைகளை மட்டுமே எண்ணுவது என்றானபோது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் கணக்கில் இல்லாமற்போகிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்ததால் அக்குழந்தையைச் சேர்த்தாக வேண்டும். அதற்கான ஆசிரியரைத்தான் கேட்க முடியாது. தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூவர் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் வகுத்திருப்பதால், எண் கிடைக்காத ஒரே குழந்தையால் ஒரு பணியிடமே போய்விடலாம்.

நேரில் வந்து தலை எண்ணிய அதிகாரியிடம் வாதிட முடிந்தது. அவருக்குக் கையூட்டும் கொடுக்க முடிந்தது என்பது வேறு விஷயம். திரையிடம் இரண்டும் செல்லாது என்பதையே நேர்மைக்குச் சான்றாகக் காட்டுவோர், இருக்கும் குழந்தையை இருப்பதாகச் சொல்வதற்கும் அங்கே ஆளில்லை என்பதைக் கவனிப்பதில்லை. ஆதார் இல்லாத குழந்தையை நேரில் கண்டு கணக்கில் சேர்க்கும் அதிகாரத்தை உபமாவட்டக் கல்வி அலுவலருக்கு வழங்க எந்த மென்பொருளும் தடையாக இல்லை. அதற்கான ஆணையை எழுத வேண்டிய இடம் தலைமைச் செயலகம்.